எரிமலைத் தீவுக்கு நான்கு டிக்கெட்

அவிநாசி
5.1.2026

சம்பந்தியம்மா ரங்காத்தாளுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அந்த முறையெல்லாம் நம் இருவருக்கும் நடுவில் போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களோடு இனி வாய் திறந்து பேசமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவள் நான். எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் என் போனில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தது என் பிள்ளை நித்தீஷ். நான் இங்கே தட்டுவது அவனுக்கு அந்தமானில் தெரியுமோ என்னவோ. எங்கள் நிட்டிங் யூனிட் வேன் ஓட்டும் வீரணன் தினமும் உங்கள் கம்பெனிக்குத் துணி ரோல் இறக்க வேலம்பாளையம் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை, இருந்தாலும் பசை நன்றாகவே தடவியிருக்கிறேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாரன் தீவுக்கு ஒரு கப்பல் போகிறதாம். அங்கே உயிரோடு இருக்கிற எரிமலை ஒன்று புகைந்துகொண்டிருக்கிறதாம். விடிவதற்குள் போர்ட் பிளேரில் கிளம்பி, தீவைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அன்றே திரும்புகிறது. தீவில் ஒருவரும் கால் வைக்க முடியாது. இதற்கு நான்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக நித்தீஷ் சொல்கிறான். அவன், உங்கள் மகள் அனுப்பிரியா, நான், நீங்கள். ஏன் என்று கேட்டால், "அனுவோட அம்மாவுக்கு எரிமலை பாக்கோணும்னு ரொம்ப நாளா ஆசையாமுங்க. நீங்களும் வந்தீங்கன்னா அவங்களுக்குக் கவுரவமா இருக்கும்" என்கிறான்.

சம்பந்தியம்மா, முப்பது வருடமாகத் துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளைவிட்டு நகராத உங்களுக்கு எப்போது வந்தது எரிமலை ஆசை? வந்ததுதான் வந்தது, என்னை எதற்கு இழுக்கிறீர்கள்? எங்கள் கிரகப்பிரவேசத்தில் ஐம்பது பேர் நடுவில் என்னைத் தலைகுனிய வைத்தீர்களே, அது போதாதா? உங்கள் மனதில் இருப்பதை எழுதிவிடுங்கள். அதன் பிறகு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்கிறேன்.

தெய்வாத்தாள் பழனிமுத்து


வேலம்பாளையம்
7.1.2026

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் வந்தது. உறையை மூன்று பக்கமும் பார்த்தேன். யாரும் பிரிக்கவில்லை.

எனக்கு எரிமலை ஆசை இல்லை. எட்டாம் தேதிக்கு முன்னால் நாற்பதாயிரம் பீஸ் டி-ஷர்ட் எங்கள் கம்பெனியிலிருந்து போகவேண்டும். சூப்பர்வைசர் லீவு கேட்டால் மேனேஜர் மயங்கி விழுவார். இருந்தும் லீவு சொல்லி வைத்திருக்கிறேன். காரணம், அனு என்னிடம் சொன்னது வேறு. "அத்தைதாம்மா கேக்கறாங்க. எரிமலையை ஒரு தடவ பாத்துப்போடணுமாம். நீங்களும் கூட வந்தாத்தான் வருவாங்களாம்" என்றாள். நீங்கள் சமாதானத்துக்கு இறங்கி வருகிறீர்கள் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் சந்தேகம் வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஜோசியர் மகுடேஸ்வரன் வீட்டிலிருந்து நீங்கள் இறங்கி வந்ததைப் பார்த்தவர்கள் என்னிடம் சொன்னார்கள். கையில் ஒரே ஒரு ஜாதகம் இருந்ததாம். யாருடையது? மூன்று வருடமாகக் குழந்தை இல்லை என்று என் மகளை ஒதுக்கிவிட்டு உங்கள் மகனுக்கு வேறு இடம் பார்க்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் என்னைக் கடல் நடுவே கூப்பிடுகிறீர்களா?

கிரகப்பிரவேசத்தில் தலைகுனிந்தது நீங்கள் மட்டுமில்லை. அன்று நீங்கள் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கு நினைவிருக்கும்.

ரங்காத்தாள்


அவிநாசி
9.1.2026

சம்பந்தியம்மாவுக்கு,

ஜாதகம் என் தங்கை மகளுடையது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஊரெல்லாம் உங்களுக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, அவர்களைச் சரியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் எரிமலை கேட்கவில்லை. என் பிள்ளை பொய் சொல்கிறான் என்று நீங்கள் எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. இரண்டு நாள் யோசித்ததில் இருவருமே சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் கணக்கு வருகிறது. இதை எழுத எனக்குக் கசக்கிறது.

நேற்று அவனிடம் போனில் ஒன்றும் தெரியாதவள் போலப் பேசிப் பார்த்தேன். கப்பலுக்கு ஆதார் நகல் வேண்டும், வாந்தி மாத்திரை இரண்டு பட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், வெயிலுக்குத் தொப்பி வேண்டும், வனத்துறையில் அனுமதி வாங்கியாகிவிட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னான். அந்த நெருப்பு மலையில் ஆடுகள் வேறு மேய்கிறதாக ஒரு கதை. பட்டியில் பிண்ணாக்கு வைத்தே நம் ஆடுகள் இளைக்கின்றன, சாம்பலைத் தின்று அவை எப்படிப் பிழைக்கின்றனவோ. அவன் இவ்வளவு பேசுகிற பிள்ளை இல்லை. சின்ன வயதில் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் இப்படிப் பேசுவான்.

இன்னொன்று. நான் அங்கே தங்கும் இரண்டு நாளுக்கும் ஓட்டலில் ரூம் போட்டிருக்கிறானாம். ஏன், உன் குவார்ட்டர்ஸ் இல்லையா என்றேன். பெயின்ட் அடிக்கிறார்களாம். சுண்ணாம்பு வாசம் எனக்கு ஆகாதாம். வீடு கட்டிய ஒரு வருடம் பெயின்ட் வாசத்திலேயே சமைத்துப் போட்டவள் நான். அது அவனுக்குத் தெரியாதா? உங்களுக்கு ரூம் எங்கே?

தெய்வாத்தாள்


வேலம்பாளையம்
11.1.2026

சம்பந்தியம்மாவுக்கு,

எனக்கும் ஓட்டல்தான். அனு சொன்ன காரணம் பெயின்ட் இல்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேராம்.

ஒரு பீஸில் ஒரு குறை தெரிந்தால் நாங்கள் அதோடு நிறுத்துவதில்லை. அந்தப் பண்டலையே பிரித்துவிடுவோம். அப்படித்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். ஏப்ரலில் அவர்கள் அந்தமான் போனதிலிருந்து அனுவுக்கு ஐந்து பார்சல் அனுப்பியிருக்கிறேன். பருப்புப் பொடி, நைட்டி, பனியன், அப்படி. கூரியர் ரசீதுகள் டப்பாவில் இருக்கின்றன. முதல் இரண்டில் மாப்பிள்ளையின் சோலார் கம்பெனி குவார்ட்டர்ஸ் முகவரி இருக்கிறது. ஜூலையில் அனு, வீடு மாறிவிட்டோம், இனிமேல் இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்றாள். பிறகு மூன்று பார்சலும் அங்கேதான் போயிருக்கின்றன. ஜங்கிலிகாட் பகுதியில் மூக்கம்மாள் என்பவரின் வீட்டு மாடி.

நீங்கள் குவார்ட்டர்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பழக்கத்தில் அப்படி எழுதினீர்களா, அல்லது இன்னமும் அங்கேதான் இருக்கிறார்களா? ஜூலைக்குப் பிறகு நீங்கள் மாப்பிள்ளைக்கு ஏதாவது அனுப்பியிருந்தால் அந்த ரசீதை அப்படியே கொடுத்தனுப்புங்கள். எழுதிக் காட்ட வேண்டாம். எனக்கு ரசீதுதான் வேண்டும்.

வீடியோ காலில் அவளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர். உங்கள் பக்கம் எப்படி?

ரங்காத்தாள்


அவிநாசி
12.1.2026

சம்பந்தியம்மாவுக்கு,

ரசீது இத்துடன். தீபாவளிக்கு முறுக்கும் வேட்டியும் அனுப்பியது. குவார்ட்டர்ஸ் முகவரிதான். கிடைத்துவிட்டது என்று அவனும் போனில் சொன்னான்.

என் பக்கம் பச்சைச் சுவர்.

இவர் கேட்டால் சாமிக்கு வேண்டுதல் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் கண்டுபிடிக்கிற எதையும் வீரணனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டாம்.

தெய்வாத்தாள்


வேலம்பாளையம்
15.1.2026

சம்பந்தியம்மாவுக்கு,

பொங்கல் வைத்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் வைக்கவில்லை.

கூரியர் ரசீதில் இருந்த நம்பருக்குப் பேசினேன். மூக்கம்மாள் எடுத்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்திலேயே போய்க் குடியேறிய குடும்பம். நான் யாரென்று சொல்லவில்லை, பார்சல் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்றேன். பொய்தான். அங்கே புருஷன் பொண்டாட்டி இருவர் பேருக்கும் பார்சல் வருமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புருஷனா? அந்தப் பிள்ளை தனியால்லா இருக்கு. ஆனி மாசம் வந்துச்சு, ஏழு மாசம் ஆவுது. ஞாயித்துக்கிழமை ஒரு பையன் வருவான். கேட்டுக்கு வெளிய நின்னு கொஞ்ச நேரம் பேசிட்டுப் போவான். மாடிப்படி ஏறினதே கிடையாது."

இதுதான் விஷயம். இரண்டு சுவர், இரண்டு வீடு. பிரிந்துவிட்டார்கள். முடிவாகச் சொல்வதற்கு நம்மைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். இங்கே வந்து சொன்னால் நீங்கள் ஒரு பக்கம் சொந்தக்காரர்களைத் திரட்டுவீர்கள், நான் ஒரு பக்கம் அழுது விழுவேன். கப்பலில் நான்கு பேரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். கோபித்துக்கொண்டு இறங்கிப் போக முடியாது. தீவில்கூட இறங்க விடமாட்டார்கள். படித்த பிள்ளைகள், யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதமாட்டேன் என்றேன், இப்போது எழுதுகிறேன். போன வருடம் தை மாதம் உங்கள் புது வீட்டில் எனக்குச் சம்பந்தி மரியாதையாகச் சேலை கொடுத்தீர்கள். வாங்கினேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், முந்தானையில் ஒரு இழை விட்டிருந்தது. கம்பெனியில் குறையைக் காட்ட ஒட்டுவோமே, கைப்பையில் எப்போதும் இருக்கிற அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. என் கை அது. என் கணவர் இருந்தபோது கட்டின வேட்டியிலேயே ஒட்டியிருக்கிறேன். சபையில் செய்தது தப்புதான். அதற்கு இன்றுவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஆனால் நீங்கள் அன்று சொன்னது கை செய்த காரியம் இல்லை. "சேலையில டேமேஜுன்னா கடையில மாத்திக்கலாமுங்க. ஊட்டுக்கு வந்ததே டேமேஜா இருந்தா யாருகிட்டக் கொண்டுபோய் மாத்தறதுங்க?" என்றீர்கள். அனு காபித் தட்டோடு உங்கள் பின்னால்தான் நின்றாள்.

ரங்காத்தாள்


அவிநாசி
17.1.2026

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தொழுவத்தில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் படிக்க முடியவில்லை.

பின்னால் நின்றாள் என்று எனக்குத் தெரியாது என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். தெரியும். காபி வாசம் வந்தது. உங்கள் மேல் இருந்த கோபத்தில் எது கையில் கிடைத்ததோ அதை எடுத்து அடித்தேன். கிடைத்தது உங்கள் மகள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நாம் போகவேண்டாம். எனக்கு மூட்டுவலி என்று நான் சொல்கிறேன். ஷிப்மென்ட் இருக்கிறது, லீவு இல்லை என்று நீங்கள் சொல்லுங்கள். நாம் கப்பலில் ஏறினால்தானே அவர்கள் சொல்வார்கள். நம்மிடம் சொல்லாமல் வக்கீல் வரைக்கும் போகிற பிள்ளைகள் இல்லை, அந்த மட்டும் நல்ல வளர்ப்பு. சித்திரையில் கூப்பிட்டால் அப்போது வேறு ஏதாவது சொல்லிக்கொள்வோம். தள்ளிக்கொண்டே போனால் ஞாயிற்றுக்கிழமை கேட் வரை வருகிறவன் ஒரு நாள் படி ஏறிவிடமாட்டானா? ஊரில் எத்தனையோ பேர் ஒரு வருடம், இரண்டு வருடம் பேசாமல் இருந்து பிறகு சேர்ந்திருக்கிறார்கள்.

நான் உங்கள் பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை. நம்பலாம்.

தெய்வாத்தாள்


வேலம்பாளையம்
18.1.2026

சம்பந்தியம்மாவுக்கு,

நம்பவில்லை. உங்களை இல்லை, உங்கள் யோசனையை.

கறை இருக்கிற பீஸை மடித்து, கவரில் போட்டு, பெட்டியை ஒட்டிவிட்டால் நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பெட்டி பிரிக்கிற இடத்தில் அது அப்படியே இருக்கும். என் மகள் ஏழு மாதமாக ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சிரித்திருக்கிறாள். இன்னும் ஒரு வருடம் அவளைச் சிரிக்க வைக்க என்னால் முடியாது. நான் ஏழாம் தேதி கிளம்புகிறேன். லீவு வாங்கிவிட்டேன். மேனேஜர் மயங்கவில்லை.

நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வந்தால் ஒன்று செய்யவேண்டும். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் அனுவிடம் பேசவேண்டும். என்னிடம் எழுதியதை அவளிடம் சொல்லவேண்டும். அவள் மனது மாறும் என்று நான் சொல்லவில்லை, மாறாமலும் போகலாம். அந்த மன்னிப்பு அவளுக்குச் சேரவேண்டியது.

ஜாதகம் உங்கள் தங்கை மகளுடையது என்று எழுதினீர்கள். உங்கள் தங்கை பழனாயி நேற்று எங்கள் கம்பெனி வாசலில் பஸ்ஸுக்கு நின்றார். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்று கேட்டேன். அவள் இன்னும் பன்னிரண்டாம் வகுப்புத்தான் படிக்கிறாள் என்றார்.

ரங்காத்தாள்


போர்ட் பிளேர், ஜங்கிலிகாட்
30.1.2026

சம்பந்தியம்மாவுக்கு,

முகவரியைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். விமானத் தபாலில் அனுப்புகிறேன், நீங்கள் கிளம்புவதற்குள் வந்துவிடும் என்றார்கள். நேற்று முன்தினம் வந்தேன். தனியாக. இவரிடம் மட்டும் சொன்னேன். நித்தீஷுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் எழுதியிருந்த மூக்கம்மாள் வீட்டு முகவரியைத்தான் ஆட்டோக்காரனிடம் காட்டினேன்.

ஜாதகம் நித்தீஷுடையதுதான். இன்னொரு கல்யாணத்துக்கு யோகம் இருக்கிறதா என்று கேட்டேன். மகுடேஸ்வரன் என்ன சொன்னார் என்பது வேண்டாம். கேட்டேன் என்பதே போதும். அந்த ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் படி இறங்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கிறார்கள்.

அனு நான்கு மணிக்கு, வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை உங்களிடம் எழுத எனக்குத் தைரியமில்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருக்கிறாள். பயந்துவிட்டாள். விமானத்தில் மனப்பாடம் செய்து வந்ததில் பாதிகூட வாயில் வரவில்லை. நான் உன்னை டேமேஜ் என்று சொன்னேன், நீ பின்னால் இருக்கிறாய் என்று தெரிந்தே சொன்னேன், ஜோசியரிடமும் போனேன் என்று மட்டும் சொன்னேன். கடைசியில், "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றேன். அவள் பையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"நீங்க சொன்னதுக்கு அன்னிக்கு ராத்திரியெல்லாம் அழுதனுங்க அத்தை. அப்பறம் அது போயிருச்சு. அவரு அங்கதான் நின்னாரு. ஒரு வார்த்த பேசல. கார்ல வரும்போதும் பேசல. இங்க வந்தும் பேசல. நான் கேட்டதுக்கு, அம்மாவ எதுத்து என்ன பேசறதுன்னாரு. அதுதானுங்க எனக்குப் போகல."

நான் சொன்னது போய்விட்டதாம், அவன் சொல்லாததுதான் போகவில்லையாம். சம்பந்தியம்மா, எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. அவனுக்கு ஐந்து வயதில், அவன் அப்பா என்னைத் திட்டும்போது அவன் நடுவில் வந்து நிற்பான். நான்தான் இழுத்து விடுவேன். பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று தொடையில் கிள்ளி உட்கார வைப்பேன். அமைதியான பிள்ளை, தங்கமான பிள்ளை என்று ஊரே சொன்னபோது பெருமையாக இருந்தது. அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டுதான் உங்கள் மகள் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறாள்.

முடிவு என்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "கப்பல்ல பேசிக்கலாமுங்க அத்தை" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே நின்று அவன் என்னதான் பேசுகிறான் என்று மட்டும் கேட்டேன். ஊர் விஷயம் பேசுவானாம். வேண்டியதைத் தவிர எல்லாம் பேசுவானாம். எனக்குப் படுக்க அவளுடைய கட்டிலைக் கொடுத்திருக்கிறாள். மூக்கம்மாள் மீன் குழம்பு கொடுத்தனுப்பினார், அத்தை சைவம் என்று அனு திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்காகத் தனியாக ரசம் வைத்தாள்.

எட்டாம் தேதி நான் என் பிள்ளைக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசப்போவதில்லை. சேர்ந்து இரு என்று அவளைக் கெஞ்சவும் மாட்டேன். அவன் பேசவேண்டியதை இனிமேலும் நான் பேசினால் அவன் வாய் என்றைக்கும் திறக்காது. கப்பலில் இரண்டு இரண்டு பேராக உட்காருகிற மாதிரிதான் இருக்கை என்றார்கள். உங்கள் மகள் பக்கத்தில் நான் உட்காருகிறேன். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். நீங்கள் தயவுசெய்து நித்தீஷ் பக்கத்தில் உட்காருங்கள். அவன் பேசத் தொடங்கும்போது என் முகத்தைத்தான் தேடுவான். அவனை என் பக்கம் திரும்பவிடாதீர்கள்.

தெய்வாத்தாள்